‘எனக்கு அரை மணித்தியாலம்தான் இருக்கு மிஸ்’: இலங்கையின் மலையகத் தோட்டங்களில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கூட்டுப் பயிற்சிகளுக்குப் போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள்

ஹட்டன் பிசியோ

பிசியோ, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), ஸ்பீச் (பேச்சு, விழுங்கல் பார்ப்பவர்), மிட்வைஃப், பிள்ளை மடுவத்து (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) மிஸ்மார், விசேட கல்வி ஆசிரியர்கள் என்று எல்லோரையும் ஒரே மண்டபத்தில் இருத்திய இரண்டு நாள் பயிற்சி. எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நேரே இரண்டாம் நாளுக்கு வருகிறேன்.

பயிற்றுநர் ஓர் அம்மாவை அழைத்து வந்திருந்தார். மகனுக்கு ஏழு வயது. பெருமூளை வாதம், ஐந்தாம் நிலை, அதாவது மிகக் கடுமையானது, கழுத்து நிற்காது. நாங்கள் பார்க்கிற பிள்ளைதான். சுவரில் பெரிய தாளை ஒட்டி, காலை நாலரையில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து அந்த அம்மாவின் ஒரு நாளை வரைந்தார்கள். ரொட்டி சுடுவது, மூத்ததைப் பாடசாலைக்கு அனுப்புவது, பிரட்டு (காலை ஆளெடுப்பு), மலையில் கொழுந்து பறிப்பு, கொழுந்து நிறுவை, விறகு. பிறகு எங்களிடம், "இந்தப் பிள்ளைக்கு வீட்டில் செய்யச் சொல்லி நீங்கள் கொடுத்ததை நிமிடக் கணக்கோடு துண்டில் எழுதி ஒட்டுங்கள்" என்றார்கள்.

நான் 45 எழுதினேன். ஓ.டி. 40. ஸ்பீச் 45. ஆசிரியர் 30. கூட்டினால் 2 மணித்தியாலம் 40 நிமிடம். துண்டுகளை ஒட்டத் தாளில் இடம் போதவில்லை, என்னுடையது கொழுந்து நிறுவைக்கு மேலேயே ஒட்டியது. அந்த அம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்துவிட்டு, "எனக்குக் காலையில அரை மணித்தியாலம்தான் இருக்கு மிஸ். இதுல எதைச் செய்யட்டும்?" என்று கேட்டார்.

பிசியோ, ஓ.டி., ஸ்பீச் என்று எங்கள் மூவரின் அறைகளும் ஒரே தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. மூன்று வருடமாகிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒன்றாகப் பேசியது அன்றுதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவனுடைய கிளினிக் அட்டையில் "தாய் ஒத்துழைப்பதில்லை" என்று எழுதியது என் கை. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

---

பொகவந்தலாவை மடுவம்

மிஸ், எனக்கு நடந்தது யோகட் கோப்பையில். இருவர் இருவராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தலையை முழுதாகப் பின்னால் சாய்க்க வேண்டும், மற்றவர் கரண்டியால் ஊட்ட வேண்டும். மூன்றாவது கரண்டியில் எனக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர், மூச்சு வரவில்லை.

அந்த நேரம் எனக்கு என் மடுவத்துப் பிள்ளையின் முகம்தான் வந்தது. இரண்டரை வயது. மடியில் மல்லாக்கப் போட்டு, தலை என் கைக்கு வெளியே தொங்க, கஞ்சியை வாயில் விடுவேன். இருமினால் முதுகில் தட்டிவிட்டு மறுபடியும் விடுவேன். அந்த வருடம் மூன்று தடவை நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மலைக் குளிர் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

நிமிர்த்தி உட்கார வைத்து, நாடி (மோவாய்) கொஞ்சம் கீழே இருக்கப் பிடித்து, கஞ்சியைக் கெட்டியாக்கி, சின்னக் கரண்டியில் கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னது ஸ்பீச் மிஸ். ஆனால் தலை விழாமல் எப்படிப் பிடிப்பது என்று காட்டியது பிசியோ மிஸ். இரண்டையும் ஒரே பிள்ளையில் ஒரே நேரம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்தக் குடும்பம் வேலை தேடிக் கொழும்புப் பக்கம் போய்விட்டது. இப்போது யார் எப்படி ஊட்டுகிறார்களோ.

---

ராகலை சமூக சேவை

பிசியோ அக்கா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நிமிடக் கணக்கு இரண்டாவது பிரச்சினை. முதலாவது மொழி. எங்கள் பயிற்சி முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. இரண்டு மொழியும் தெரியும் என்று என்னை மொழிபெயர்க்க விட்டார்கள். ஒரு பிள்ளையின் கால் தசை இறுகிப் பிடிப்பதைப் பற்றி வைத்தியர் சொன்னதை, நான் அவசரத்தில் "பிள்ளைக்கு இழுப்பு இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வலிப்பு என்று எடுத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் வேறொரு வைத்தியர் "இழுப்பு வந்திருக்கா?" என்று கேட்க, "ஆமா சேர், போன மாசமே சொன்னாங்க" என்றிருக்கிறார். வலிப்பு என்று பதிவாகிவிட்டது. அதை அழிக்க ஐந்து மாதம் பிடித்தது.

ராகமை மருத்துவ பீடத்தில் ஸ்பீச் படித்து வருகிறவர்களில் தமிழ் பேசுபவர்கள் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். விறைப்பு, இழுப்பு, வலிப்பு இந்த மூன்று சொல்லையாவது எல்லோரும் சேர்ந்து முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஆளுக்கொரு துண்டு ஒட்டி என்ன பயன்?

---

பழைய டிஸ்பென்சரிக்காரன்

நான் தோட்ட டிஸ்பென்சரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். ஒரு பிள்ளையை ஐந்து இடத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஐந்து பதில் கடிதம் வந்தது, ஒன்றில் இருந்தது மற்றதில் இல்லை. என் கதை அவ்வளவுதான்.

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே கொப்பி வையுங்கள், அது அம்மாவிடம் இருக்கட்டும், எல்லோரும் அதில்தான் எழுத வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் பொறுப்பு, அது மிட்வைஃபாக இருந்தாலும் சரி மடுவத்து மிஸ்ஸாக இருந்தாலும் சரி, அந்த லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) அடிக்கடி போகிறவராக இருக்க வேண்டும். பயிற்சியை நகரத்து ஹோட்டலில் வைக்காமல் தோட்டத்தில் வையுங்கள். அம்மாவைக் கூப்பிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகிறது. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளமே நாளுக்கு 1,350 ரூபாயாக இருந்தது, அன்றைய சம்பளத்தைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். இரண்டு நாளில் முடித்துச் சான்றிதழ் கொடுக்காமல் மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் அதே பிள்ளையின் வீட்டில் சந்தியுங்கள். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்து, மற்றவரிடமிருந்தும் மற்றவரோடும் கற்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே கூட்டுக் கற்றல் என்று எழுதி வைத்தது. 2001இல் அவர்கள் கொண்டுவந்த இயலாமை பற்றிய வகைப்பாடும் நோயின் பெயரை மட்டும் பார்க்காதே, பிள்ளை என்ன செய்கிறது, எதில் கலந்துகொள்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார் என்கிறது. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதே உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்றிருக்கிறோம். எழுத்தில் குறைவில்லை. தோட்ட நிர்வாகத்தையும் அழைக்க மறக்காதீர்கள், வாகனம் அவர்களிடம்தான் இருக்கிறது.

---

மஸ்கெலியா டீச்சர்

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கொப்பி வைத்துப் பார்த்தாயிற்று. வைத்தியர் ஆங்கிலத்தில், பிசியோ சிங்களத்தில், நான் தமிழில். அம்மாவுக்கு மூன்றும் வாசிக்கத் தெரியாது. படம் வரைந்த கொப்பி என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு மறக்காதது எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளையின் அப்பா. பயிற்சியில் அட்டைப்பெட்டிகளைப் பசை தடவி அடுக்கி நாற்காலி செய்யப் பழக்கினார்கள். ஓ.டி. இடுப்பிலிருந்து முழங்கால்வரை அளந்தார், பிசியோ முதுகு உயரம் அளந்தார், நான் மேசைத் தட்டை அளந்தேன். எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அப்பா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஜூன் மாச மழையில எங்க காம்பராவுல அட்டை நிக்காது மிஸ். ராவைக்கு கட்டிலுக்கு அடியில போகணும், அதையும் அளந்துக்கிட்டீங்களா?" என்றார். அளக்கவில்லை.

அடுத்த வாரம் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே செய்துவிட்டார், எங்கள் மூன்று அளவும் அவருடைய நாலாவது அளவும் சேர்த்து. பிள்ளை இப்போதும் அதில்தான் உட்காருகிறாள்.

---

ஹட்டன் பிசியோ

தம்பி, மொழி பற்றி நீங்கள் சொன்னது சரி. எங்கள் ஸ்பீச் மிஸ்ஸுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் நிமிடக் கணக்கும் சின்ன விஷயமில்லை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்று என்ன முடிவு எடுத்தோம் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். அந்த அரை மணித்தியாலத்துக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டோம். காலைச் சாப்பாடு எப்படியும் ஊட்டித்தான் ஆக வேண்டும், புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. இடுப்பு மடங்கி, பாதம் பலகையில் ஊன்றி உட்கார்ந்தால் என் வேலையில் ஒரு பங்கு அதிலேயே நடக்கிறது. நாடி கீழே இருப்பது ஸ்பீச்சுக்கு. அவன் கையைக் கரண்டியில் வைத்து நாங்கள் பிடிப்பது ஓ.டி.க்கு. "இன்னும் வேணுமா, போதுமா" என்று கேட்டுக் கண்ணைப் பார்ப்பது டீச்சருக்கு. குப்புறப் படுக்க வைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். அது குறைவதில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது, கால் தசை குறுகிவிடுமோ என்று மாதம் ஒருமுறை அளக்கிறேன்.

அட்டையில் நான் எழுதிய வரியை வெட்டி, பக்கத்தில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். அம்மாவிடமும் சொன்னேன். "அது என்னா எழுதியிருந்திச்சின்னு எனக்கு தெரியாது மிஸ்" என்றார்.

ஸ்பீச் மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்துவிட்டது. புதியவர் திங்கட்கிழமை வருகிறார், இந்தப் பயிற்சி எடுக்காதவர். முதல் கிளினிக்குக்கு முன்பே அவரை அந்த லயத்துக்குக் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறேன். மஸ்கெலியா டீச்சர், உங்கள் படக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?