யூரின் ரிப்போர்ட்டில் பிளஸ் வந்தபோது

மகனுக்கு வயது 15. விளையாட்டு அணித் தேர்வுக்காக எடுத்த யூரின் டெஸ்ட்டில் ப்ரோட்டீன் இரண்டு பிளஸ். முகத்திலோ காலிலோ வீக்கம் இல்லை, பிரஷரும் சரியாகவே இருந்தது. ஆனாலும் கிட்னி என்ற பேச்சு வந்துவிட்டால் வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

டாக்டர் முதலில் கேட்டது, முந்தின நாள் கடுமையாக ஓடினானா, காய்ச்சல் ஏதும் இருந்ததா என்றுதான். இரண்டில் எது இருந்தாலும் ப்ரோட்டீன் தற்காலிகமாகக் கசியுமாம். அப்புறம், படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைப் பிடித்துத் தரச் சொன்னார். அதில் ப்ரோட்டீன் இல்லை. அன்று பகலில் எடுத்த சாம்பிளில் மறுபடி இருந்தது. வளரும் வயதில் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் இப்படிக் கசியும், படுத்தால் நின்றுவிடும், கிட்னியைக் கெடுக்காது என்று விளக்கினார். காலை சாம்பிளிலும் தொடர்ந்து வந்திருந்தால் கிட்னியைத் தீவிரமாகச் சோதித்திருப்பார்கள்.

*

மேலே மகனைப் பற்றி எழுதியவருக்கு: உங்கள் மகனுக்கு ஒன்றுமில்லை என்றது நிம்மதி. என் அப்பாவுக்கு நடந்தது வேறு மாதிரி. அவருக்கு யூரினில் வந்தது ரத்தச் சிவப்பணுக்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் பரப்புக்கு மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். வலி இல்லை, எரிச்சல் இல்லை, கல்ச்சரில் கிருமியும் வளரவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான் இருக்கும் என்று உறவினர்கள் சமாதானம் சொன்னார்கள். டாக்டர் ஏற்கவில்லை. மாத்திரை சாப்பிட்டாலும் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்பா பல வருடம் சிகரெட் பிடித்தவர்.

ஸ்கேன் எடுத்து, மெல்லிய குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் சின்னக் கட்டி. புற்றுநோய்தான். ஆரம்ப நிலை என்பதால் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். திரும்ப வரக்கூடியது என்பதால் இப்போதும் தவறாமல் கேமரா பரிசோதனைக்குப் போகிறார். வலியே இல்லாமல் ரத்தம் தெரிந்தால், அதுவும் புகைபிடித்தவர்களுக்கு என்றால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை தானாக நின்றுவிட்டாலும் போய்க் காட்டுங்கள். விட்டுவிட்டு வருவதுதான் இதன் இயல்பு.

*

சின்னதாக ஒன்று. அம்மாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருக்க, யூரினில் மட்டும் நான்கு பிளஸ். பொதுவாக ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும் என்பார்களே என்று குழம்பினோம். புதிதாக ஆரம்பித்த டபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதானாம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். விட்டமின் சி மாத்திரையையும் அதில் எழுதுங்கள்: அதிக அளவில் எடுத்தால், யூரினில் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் டெஸ்ட்டில் ரத்தமும் சர்க்கரையும் இருந்தும் தெரியாமல் போகலாம்.