ட்வின் டிப் ஸ்கீயில் பைண்டிங்கை எங்கே பொருத்தினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டொராண்டோவிலிருந்து:

பைண்டிங்கை, அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து நிறுத்தும் பூட்டைத் திருக, ஸ்கீயில் ஒருமுறை துளையிட்டுவிட்டால் அதை அழிக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், ஒரே மாலையில் அவசர முடிவெடுத்து, அதன் பலனை ஒரு பருவம் முழுவதும் அனுபவித்தவன் நான். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கதைகளையும் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், யாரும் துளையிடாத ட்வின் டிப் ஸ்கீ (முன்நுனியைப் போலவே வாலும் மேல்நோக்கி வளைந்தது) ஒரு சோடி மலிவாகக் கிடைத்தது. அதில் 176 செ.மீ. என்று அச்சிட்டிருந்தார்கள். வால் நுனியிலிருந்து முன் நுனி வரை அளவு நாடாவை நேராக இழுத்துப் பிடித்தால் 174.8 செ.மீ. தான் வந்தது. இந்த வேறுபாடு வழக்கமானதே. வளைவை ஒட்டி அளப்பதா, நேர்கோட்டில் அளப்பதா என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஆகவே அச்சிட்ட எண்ணைப் பாதியாக்கி நடுவைக் குறிக்காதீர்கள். உங்கள் நாடா காட்டும் எண்ணைப் பாதியாக்குங்கள். எனக்கு நடு, வாலிலிருந்து 87.4 செ.மீ. தொலைவில் அமைந்தது. தயாரிப்பாளர் பரிந்துரைத்த கோடு அதற்கு 4 செ.மீ. பின்னால், அதாவது பேச்சுவழக்கில் 'மைனஸ் 4' என்று சொல்லும் இடத்தில் இருந்தது. பூட்ஸின் பக்கவாட்டில் உள்ள நடுக்கோடு இந்தக் கோட்டின் மேல் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் பொருள்.

நான் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஸ்கீ மலையான ப்ளூ மவுண்டனில், குதிமேடுகள் அமைத்த பார்க் பகுதியில் சுழன்று குதிக்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து, நாற்பதைத் தொட்ட வயதில் எனக்கும் ஆசை வந்திருந்தது. அதற்கு ஒரு நியாயத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். 1998-இல் சாலமன் நிறுவனம் 'டென் எய்ட்டி' என்ற ஸ்கீயை வெளியிட்டபோது, ஸ்கீ வீரர் மைக் டக்ளஸும் அவருடைய கனேடிய நண்பர்களும் அதில் கேட்டது, பின்நோக்கிப் புறப்படவும் பின்நோக்கி இறங்கவும் வசதியாக வாலையும் மேல்நோக்கி வளைக்க வேண்டும் என்பதுதான். இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருக்கும்போது நடுவில் நிற்பதுதானே முறை என்று எண்ணினேன். சரியாக நடுவிலேயே துளையிட்டுவிட்டேன்.

முதல் மாதம் என் முடிவை நானே மெச்சிக்கொண்டேன். ப்ளூ மவுண்டனின் உயரம் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர். பெரும்பாலும் இயந்திரம் சமன்படுத்திய இறுகிய பனி. அங்கே பாதத்துக்கு முன்னும் பின்னும் எடை சமமாக இருந்ததால் அரைச் சுழற்சி எளிதாக வந்தது. பின்நோக்கி இறங்கும்போது கால் தடுமாறவில்லை. ஒரே ஒரு குறைதான் உறுத்தியது. வேகமாகத் திரும்பி முடிக்கும் நேரத்தில், எனக்குப் பின்னால் நீண்டு கிடந்த வால் திருப்பத்தை விட மறுத்தது; முன்பகுதி குட்டையாகிவிட்டதால் வேகத்தில் நுனி படபடத்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் மேற்குக் கனடாவின் விஸ்லர் மலைக்குப் போனோம். இரவில் முப்பது செ.மீ. அளவுக்குப் புதுப்பனி விழுந்திருந்தது. எல்லோரும் எதற்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பார்களோ, அந்தக் காலை எனக்குத் தண்டனையாக முடிந்தது. மிதக்க வேண்டிய முன்நுனி நான்கு திருப்பங்களுக்கு ஒருமுறை பனிக்குள் மூழ்கியது. மூழ்காமல் இருக்கப் பின்னால் சாய்ந்து நின்றேன். மதியத்துக்குள் தொடைகள் எரியத் தொடங்கின. மூன்று முறை தலைகுப்புற விழுந்தேன். அதே நீளமுள்ள ஸ்கீயில் என் நண்பர், தயாரிப்பாளரின் கோட்டில் நின்றபடி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

ஊர் திரும்பியதும் இடத்தை மாற்றச் சொன்னேன். பரிந்துரைத்த கோட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன்; ஆனால் பட்டறைக்காரர் துளைகளின் இடத்தைக் காட்டும் காகித அச்சை விரித்துக் காட்டியபோது, 4 செ.மீ. நகர்த்தினால் பைண்டிங்கின் முன்துண்டுக்கான புதிய துளை ஒன்று பழைய துளையின் விளிம்பிலேயே விழுவது தெரிந்தது. 5 செ.மீ. நகர்த்தினால் போதிய இடைவெளி கிடைத்தது. ஆகவே இப்போது நிற்பது மைனஸ் 5. பின்நோக்கிச் செல்வதில் சிறிது இழந்தேன் என்பது உண்மை. ஆனால் என் நாளில் பத்தில் எட்டுப் பங்கை முன்நோக்கித்தான் கழிக்கிறேன் என்பதைத் துளையிடும் முன்பே நேர்மையாக எண்ணிப் பார்த்திருந்தால், நடு எனக்கான இடமல்ல என்று அப்போதே விளங்கியிருக்கும்.

பேர்னிலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவை வாசித்ததும் என் மகளின் ஸ்கீ நினைவுக்கு வந்தது. எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது.

அவளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே சுவிட்சர்லாந்தின் லாக்ஸ் ஸ்கீ மலைக்குப் போனால் பார்க்கை விட்டு வெளியே வரவே மாட்டாள். அவளுடைய 150 செ.மீ. ஸ்கீயின் மேற்பரப்பில் மூன்று கோடுகள் இருந்தன: நடுவில் ஒன்று, மைனஸ் 3-இல் ஒன்று, மைனஸ் 6-இல் ஒன்று. எந்தக் கோடு வேண்டும் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கத் தெரியாதவளாக நின்றேன். கடைசிக் கோட்டில் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். பின்நோக்கி இறங்கும்போதெல்லாம் பின்னால் பிடிக்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது என்று பிள்ளை சொல்லிக்கொண்டேயிருந்தாள். வால் குட்டையாக இருந்ததுதான் காரணம் என்று எனக்கு அப்போது தெரியாது. பயப்படுகிறாள் என்று நினைத்து, முழங்காலை மடக்கு என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு இன்னொன்று நடந்தது. பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவளுடைய பூட்ஸின் அடிப்பாக நீளம் 265 மி.மீ.-இலிருந்து 285 மி.மீ. ஆகியது. சாதாரண பைண்டிங்கில் முன்துண்டு அசையாது. குதிகால் துண்டை மட்டுமே பின்னுக்குத் தள்ள முடியும். பூட்ஸ் 20 மி.மீ. நீண்டால் அதன் நடு 10 மி.மீ. பின்னுக்குப் போய்விடுகிறது. ஏற்கெனவே பின்னால் நின்றவள், ஒரு புதுத் துளைகூடப் போடாமலேயே மைனஸ் 7-க்குப் போய்விட்டாள். இதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய பயிற்சியாளர்; பூட்ஸை மாட்டி, நடுக்கோட்டையும் ஸ்கீயின் கோட்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். இப்போது புதிய ஸ்கீயில் மைனஸ் 2-இல் நிற்கிறாள். வளரும் பிள்ளை என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் முன்னால் பொருத்துவதில் தவறில்லை என்பது என் கருத்து. பூட்ஸ் வளர வளர இடம் தானாகவே பின்னுக்கு வரும்.

ஒஸ்லோவிலிருந்து:

இருவரும் பட்ட பாட்டை நான் படவில்லை. அதற்கு என் புத்திசாலித்தனம் காரணமல்ல. ஒரே ஸ்கீயை நானும் என் தம்பியும் மாறி மாறிப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், வாடகைக் கடைகளில் இருப்பதுபோன்ற, தண்டவாளத்தில் நகரும் பைண்டிங்கை வாங்கினோம். அதில் முன்துண்டும் நகரும், குதிகால் துண்டும் நகரும். எடை சற்றுக் கூடுதல், பனியிலிருந்து கால் சற்று உயரத்தில் நிற்கும் என்பவைதான் குறைகள்.

ஒரு நாள் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கினேன். ஒரே சரிவில், ஒரே பனியில், மைனஸ் 2, மைனஸ் 4, மைனஸ் 6 என்று மூன்று இடங்களில் தலா நான்கு முறை இறங்கினேன். ஒவ்வொரு முறை நகர்த்தியதும், பூட்ஸை மாட்டி, குதிகால் துண்டின் முன்னழுத்தம் (அது பூட்ஸை முன்துண்டை நோக்கித் தள்ளும் அழுத்தம்) உரிய குறியில் நிற்கிறதா என்று பார்த்தேன். அதைச் சரிபார்க்காமல் ஒரு மீட்டர்கூட இறங்கக் கூடாது. 2-க்கும் 4-க்கும் இடையே எனக்கு உணரக்கூடிய வேறுபாடு இருந்தது, 4-க்கும் 6-க்கும் இடையே ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. தம்பிக்கோ நேர்மாறு. அவன் பூட்ஸ் என்னுடையதைவிட 30 மி.மீ. நீளம், நிற்கும் பாணியும் வேறு, கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பைப் பூட்ஸின் முன்பக்கத்தில் அழுத்தி நிற்பவன். நான் நிமிர்ந்து நிற்பவன். நிமிர்ந்து நிற்பவர்களுக்கு முன்னால் பொருத்துவது ஒத்துவருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்கரியிலிருந்து:

வார இறுதிகளில் ஒரு ஸ்கீ பட்டறையில் வேலை செய்கிறேன். இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். தேர்ந்தெடுத்த பிறகு நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

துளையின் அளவு பெரும்பாலும் ஸ்கீயின் மேலேயே எழுதியிருக்கும்: உலோகத் தகடு இல்லாதவற்றுக்கு 3.6 மி.மீ., உலோகத் தகடு உள்ளவற்றுக்கு 4.1 மி.மீ., ஆழம் வழக்கமாக 9 மி.மீ. ஆழத்தைத் தடுக்கும் கழுத்துள்ள துளைப்பான் இல்லாமல் வீட்டில் முயன்றவர்கள் சிலர், அடிப்பரப்பில் சிறு மேடு எழுந்த ஸ்கீயுடன் எங்களிடம் வந்திருக்கிறார்கள். பழைய துளைகளைப் பசையும் பிளாஸ்டிக் முளையும் இட்டு அடைப்பது நீர் இறங்காமல் இருக்கத்தான். அந்த இடத்தின் பழைய வலிமை முழுவதும் திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம். புதிய துளைக்கும் பழையதற்கும் இடையே குறைந்தது ஒரு செ.மீ. விட வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஒரே ஸ்கீயில் மூன்றாவது முறையும் துளையிட வருபவர்களைக் கூடியவரை திருப்பி அனுப்பிவிடுவேன்.

பேர்ன் அக்காவுக்கு ஒரு சொல். பூட்ஸ் மாறினால் விடுவிப்பு அளவையும், அதாவது விழும்போது பைண்டிங் எந்த விசையில் பூட்ஸை விட வேண்டும் என்ற எண்ணையும், மறுபடி கணக்கிட வேண்டும். எடை, உயரம், வயது, திறன் ஆகியவற்றோடு பூட்ஸின் அடிப்பாக நீளமும் அந்த அட்டவணையில் உண்டு. பைண்டிங்கை முன்னாலோ பின்னாலோ பொருத்துவதால் அந்த எண் மாறாது. பூட்ஸ் நீண்டால் மாறும்.

டொராண்டோவிலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஒஸ்லோ நண்பரின் பரிசோதனையைப் படித்தபின், அடுத்த சோடிக்குத் தண்டவாள பைண்டிங்கே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கல்கரி நண்பருக்கு ஒரு கேள்வி: என் பழைய நடுத்துளைகளில் ஒன்றில் முளை சற்று மேலெழுந்து நிற்கிறது. அதைச் சீவிவிட்டால் போதுமா, அல்லது எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டுமா?

கல்கரியிலிருந்து:

எடுத்துவிடுங்கள். மேலெழுந்திருந்தால் உள்ளே ஈரம் போயிருக்க வாய்ப்புண்டு. இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு, பிறகு பசையிட்டுப் புதிய முளையை அடித்து, பசை இறுகியதும் மேற்பரப்போடு சமமாகச் சீவுங்கள்.