கஸ்டம் கர்னல் பில்ட் பண்றப்ப சைஸ் பாக்கணுமா?

பழைய_லேப்டாப்:
வணக்கம், டெபியன் லினக்ஸ் ஓடுற லேப்டாப், ரேம் 2 ஜிபி தான். மெனுகான்ஃபிக்ல (கர்னல்ல எது எது வேணும்னு டிக் பண்ற மெனு) உக்காந்து வேண்டாத டிரைவர ஒவ்வொண்ணா தூக்கிட்டு இருக்கேன், /பூட் ஃபோல்டர்ல இருக்க கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ஃபைல் பாதி சைஸாச்சும் ஆகணும்னு ஆசை. சின்னதாச்சுன்னா ஸ்பீடு கூடுமா, ரேம் மிச்சமாகுமா?

மாடியூல்மணி:
ஸ்பீடு கூடாது ப்ரோ. நீங்க தூக்குறதுல முக்காவாசி டிஸ்ட்ரோ கர்னல்ல (டெபியனே ரெடியா குடுக்குறது) மாடியூலா, அதாவது தேவைப்பட்டா மட்டும் லோடாகுற தனி ஃபைலா தான் இருக்கும், அந்த ஹார்ட்வேர் இல்லன்னா அது லோடே ஆகாது, டிஸ்க்ல கிடக்கும் அவ்ளோதான், ரேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. /பூட்ல பாக்குற சைஸும் ஜிஜிப், எக்ஸ்இசட், இசட்எஸ்டிடின்னு ஏதோ ஒண்ணுல அமுக்குன சைஸ், கம்ப்ரஷன மாத்துனாலே நம்பர் மாறிடும், ஆனா பூட் ஆகி விரிஞ்சதும் அதே கர்னல் தான். நெஜமா ரேம்ல எவ்ளோன்னு தெரியணும்னா டிமெசேஜ் கமாண்ட் காட்டுற கர்னல் லாக்ல மெமரின்னு ஆரம்பிக்கிற வரிய பாருங்க, கர்னல் கோட், டேட்டா, இனிட் (பூட் ஆகுறப்ப மட்டும் தேவைப்படுற பகுதி) எல்லாம் தனித்தனியா போட்டிருக்கும், அதுல இனிட் பகுதிய பூட் முடிஞ்சதும் திருப்பி விட்டுரும். மிச்சத்த கூட்டுனா சில பத்து எம்பி, பிரவுசர்ல ஒரு டேப் தொறந்தா அத விட அதிகமா போகும்.

ரவுட்டர்_ராசா:
பிசிக்கு சரி, எல்லா எடத்துக்கும் அப்டி சொல்ல முடியாதுங்க. 4 எம்பி ஃபிளாஷ் (ரவுட்டரோட ஸ்டோரேஜ்), 32 எம்பி ரேம் இருக்க ரவுட்டர்ல கர்னலும் ரூட் ஃபைல்சிஸ்டமும் அந்த 4 எம்பிக்குள்ளயே அடங்கணும், அங்க நூறு கேபி கூட பெரிய விஷயம். கர்னல் வருஷா வருஷம் வளந்துட்டே போனதால தான் அந்த மாதிரி ரவுட்டருக்கெல்லாம் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) 19.07 வெர்ஷனே கடைசியாயிடுச்சு. நல்லா ஓடிட்டு இருக்க பெட்டிய குப்பைல போட வேண்டியதாயிடுது, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

பில்ட்_பண்றவன்:
சைஸ விடுங்க, அந்த லேப்டாப்ல கம்பைல் டைம் தான் உங்கள கொல்லும். கையால தூக்காம மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்னு கமாண்ட் போடுங்க, இப்ப லோடாகி இருக்க மாடியூல மட்டும் வச்சுக்கும், அதனால அதுக்கு முன்னாடியே பென்டிரைவ், பிரிண்டர், யுஎஸ்பி வைஃபைன்னு இருக்கறதெல்லாம் சொருகிடுங்க, இல்லன்னா பின்னாடி சொருகுறப்ப டிரைவர் இருக்காது. டெபியன் கர்னலோட கான்ஃபிக் ஃபைல அப்டியே எடுத்தீங்கன்னா டிபக் இன்ஃபோ (தப்பு கண்டுபிடிக்க உதவுற கூடுதல் தகவல்) ஆன்ல வரும், அத ஆஃப் பண்ணாம விட்டா பில்ட் ஃபோல்டர் பல ஜிபி போயிடும், மாடியூலும் பெருசாகி இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (பூட் ஆரம்பத்துல ரேம்ல ஏத்துற குட்டி ஃபைல்சிஸ்டம், இதுவும் /பூட்ல தான் இருக்கும்) ஊதிடும். /பூட் ரொம்புறது பெரும்பாலும் அதால தான், கர்னலால இல்ல.

பழைய_லேப்டாப்:
நன்றிங்க. ரூட் பார்ட்டிஷன் லக்ஸ்ல (லினக்ஸோட டிஸ்க் என்கிரிப்ஷன்) என்கிரிப்ட் பண்ணிருக்கேன், அதுக்கான கர்னல் பகுதி டிஎம்-கிரிப்ட்ட மாடியூலா இல்லாம கர்னலுக்குள்ளயே வச்சுட்டா இனிட்ராம்எஃப்எஸ் இல்லாம பூட் ஆகுமா?

பில்ட்_பண்றவன்:
ஆகாது, பாஸ்வேர்ட் கேட்டு தொறக்குறது கிரிப்ட்செட்டப், அது யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளிய ஓடுற) புரோகிராம், அதுக்கு இனிட்ராம்எஃப்எஸ் வேணும். மாடியூலாவே விட்டுருங்க. டிஸ்ட்ரோ கர்னல மட்டும் அழிக்காதீங்க, புதுசு பூட் ஆகலன்னா கிரப்ல (பூட் ஆகுறப்ப வர்ற மெனு) அத எடுத்து உள்ள வரலாம்.