யூத விருந்தினருக்கு எந்த மீன் ஆகும்?

பாம்பன் விடுதிக்காரர் (கேள்வி):
எங்கள் சிறிய விடுதிக்கு அடுத்த மாதம் ஒரு யூதக் குடும்பம் வெள்ளி நண்பகலில் வந்து ஞாயிறு காலையில் புறப்படவிருக்கிறது. இறைச்சி வேண்டாம், மீன் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். நண்டும் கணவாயும் ஆகா என்பது வரை அறிவேன். சுறாப்புட்டு செய்யலாமா? பாத்திரத்திற்குக் கட்டுப்பாடு உண்டா?

தொண்டி வாசகர்:
சுறா ஆகாது. துடுப்பும் செதிலும் உள்ளவற்றை மட்டுமே உண்ணலாம் என்பது யூத வேதத்திலுள்ள லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின் விதி. தோலைக் கிழிக்காமல் உரித்தெடுக்க வருவதே செதில் என்று அவர்களுடைய அறிஞர்கள் வரையறுத்திருப்பதால், தோலோடு ஒன்றிய சுறாவின் சொரசொரப்பு கணக்கில் சேராது. திருக்கையும் கெளுத்தியும் அவ்வாறே விலக்கு. விளமீன், பாறை, சங்கரா, மத்தி ஆகியவை ஆகும். வஞ்சிரமும் ஆகும், ஆனால் அதன் செதில் மிகச் சிறியது. எந்த மீனாயினும் துண்டு போட்டு, தோலுரித்து வைத்துவிடாதீர்கள். செதிலைக் கண்ணால் பார்த்த பிறகே அவர்கள் ஏற்பார்கள். மீனுக்கு ஆடு, கோழியைப் போல அறுப்பு முறை கிடையாது.

கீழக்கரை வாசகர்:
ஹலால் சமையல் என்றால் போதும் என்று யாரேனும் கூறினால் நம்பிவிட வேண்டாம். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி வழியைப் பின்பற்றும் எங்கள் ஊரில் இறாலும் கணவாயும் தாராளமாக உண்ணப்படுகின்றன; யூதர்களுக்கோ அவை முற்றிலும் விலக்கு.

மண்டபம் வாசகர்:
மீனைவிடப் பாத்திரமே பெரிய சிக்கல். இறால் வெந்த சட்டியில் விளமீனைச் சமைத்தால் அதுவும் ஆகாததாகிவிடும். மண்சட்டி உறிஞ்சியதைக் கழுவியோ கொதிக்கவைத்தோ போக்க முடியாது என்பது அவர்கள் கொள்கை. புதிய சட்டி, புதிய கத்தி, புதிய அகப்பை வாங்குங்கள். சமையலில் யூதர் ஒருவரின் கையும் பட வேண்டும். அடுப்பை அவர்களில் ஒருவர் மூட்டினால் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) மரபினருக்குப் போதும். செபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) மரபினராயின் சட்டியை அடுப்பில் ஏற்றுவதும் அவர்களாகவே இருக்க வேண்டும். செபார்டிகளில் பலர் மீனோடு பாலையோ தயிரையோ சேர்ப்பதில்லை. தேங்காய்ப்பாலுக்குத் தடையில்லை, நம் குழம்பு தப்பித்தது. வெள்ளி சூரியன் மறைவதற்குச் சுமார் 18 நிமிடங்களுக்கு முன்பே சனிக்கிழமை ஓய்வுநாளுக்கான விளக்கை ஏற்றிவிடுவார்கள். அதன்பின் சனி இரவு வரும்வரை சமையல் கிடையாது. ஆகவே சனிக்கிழமைக்கான உணவும் வெள்ளி மாலைக்குள் வெந்திருக்க வேண்டும்.

பாம்பன் விடுதிக்காரர்:
மிக்க நன்றி. விளமீனை முழுதாக வாங்கி, புதுச்சட்டியுடன் காத்திருக்கிறேன். அவர்கள் எந்த மரபினர் என்று இன்றே எழுதிக் கேட்கிறேன்.