உள்ளங்கையைச் சற்றே தூக்கிப் பார்

பெரியப்பா (காலை 6.10): அனைவருக்கும் காலை வணக்கம். "பத்து ஆசனங்கள், பத்து நோய்கள் தீரும்" என்று எனக்கு வந்த செய்தியை மேலே பகிர்ந்திருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்குச் சிரசாசனம் நல்லது என்று அதில் இருப்பதால், நாளை முதல் சுவரோரமாகத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன்.

சித்தி (6.24): அத்தான், தயவுசெய்து தொடங்கிவிடாதீர்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். உடலின் பாரமும் கழுத்தெலும்பின் மேல் இறங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்களும் குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் ஒதுக்கி வைக்க வேண்டிய முதல் ஆசனமே அதுதான். பதின்மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி செய்யும் நானே அதைத் தொடுவதில்லை.

நான் (6.31): அந்தச் செய்தியில் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறதே, சித்தி?

சித்தி (6.33): ஆசனம் மாத்திரைக்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக ஆகாது. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

பெரியப்பா (6.40): அப்படியானால் அறுபத்தெட்டு வயதில் நான் செய்யக்கூடியதுதான் எது, அம்மா?

சித்தி (6.58): நின்றபடி செய்யும் இரண்டு போதும், அத்தான். முதலில் தாடாசனம். வெறுமனே நிற்பதுதானே என்று தோன்றும். ஆனால் இரு பாதங்களிலும் பாரத்தைச் சமமாகப் பரப்பி, முழங்கால் சில்லை இலேசாக மேலிழுத்து, தோள்களைக் காதுகளிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் நின்று பாருங்கள், இத்தனை நாளும் ஒரே காலில் சாய்ந்து நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் புரியும். அடுத்தது ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம். உடல் நிலைகுலையாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன; வயதாகும்போது இவை மங்குவதும் தடுக்கி விழுவதற்கு ஒரு காரணம். ஆகவே ஒரு கை சுவரில் இருக்கட்டும், பார்வை அசையாத ஒரு புள்ளியில் நிற்கட்டும். தூக்கிய பாதத்தைக் கணுக்காலுக்கு அருகிலோ கெண்டைக்கால் மீதோ வையுங்கள். முழங்காலின் பக்கவாட்டில் மட்டும் அழுத்தாதீர்கள், அந்த மூட்டு பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்குவதற்கு ஏற்றதன்று.

பெரியம்மா (7.15): எனக்கு முழங்கால்களை மடித்துக் குதிகால்கள் மேல் அமரும் வஜ்ராசனம் ஒன்றுதான் தெரியும். உணவுக்குப் பின் அமர்ந்தால் செரிக்கும் என்பார்கள். ஆனால் ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது.

சித்தி (7.19): மரத்துப்போனால் எழுந்துவிடுங்கள், அக்கா, பொறுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற ஆசனங்களை, உணவு உண்டு மூன்று மணி நேரம் கழித்தே செய்ய வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போதும் அமரலாம் என்று மரபில் விலக்கு அளிக்கப்பட்டது இதற்குத்தான். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே மடித்த போர்வை ஒன்றை வைத்தால் முழங்கால் அவ்வளவு மடங்காது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

அண்ணன் (7.42): சித்தி, நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்பதால் எனக்குக் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. காணொளியைப் பார்த்துப் புஜங்காசனம் செய்தேன். வலி குறையாமல் கூடிவிட்டது.

சித்தி (8.05): கையை முழுவதும் நீட்டித் தலையைப் பின்னால் வீழ்த்தியிருப்பாய், கண்ணா. எல்லோரும் செய்யும் பிழைதான் அது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன் முயலவேண்டியவற்றுள் யோகாவையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயன் முதுகுத் தசை வேலை செய்தால்தான் கிடைக்கும், கை வேலை செய்தால் கிடைக்காது. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்பின் இருபுறமும் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தொப்புள் தரையை விட்டு எழாத அளவுக்கு மட்டும் மூச்சை இழுத்தபடி மார்பைத் தூக்கு. அந்த நிலையில் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப் பார். மார்பு இறங்காமல் இருந்தால் அதுவே உன் அளவு. வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார். கருவுற்றவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் இதைச் செய்யக் கூடாது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் உறுதியும் சுகமும்தான், எவ்வளவு வளைய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

அண்ணன் (8.31): இப்போதே தூக்கிப் பார்த்தேன். கையை எடுத்த உடனே மார்பு பொத்தென்று தரையில் விழுந்தது. என் அளவு மூன்று விரற்கடைதான் போலிருக்கிறது.

சித்தி (8.33): அந்த மூன்று விரற்கடையில் மூன்று மூச்சு நில், மூன்று முறை செய். பிறகு மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனம், ஐந்து நிமிடம். உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளமாக இருக்கட்டும்.

பெரியம்மா (8.36): சவாசனத்தில் உன் அத்தான் வல்லவர். இரண்டாம் நிமிடமே குறட்டை கேட்கும்.

பெரியப்பா (8.50): குறட்டை இருக்கட்டும். விருட்சாசனம் செய்து பார்த்தேன், சுவரைத் தொட்டபடிதான். இடக்காலில் இருபது எண்ணும் வரை நின்றேன். வலக்காலில் ஆறுக்கே தள்ளாடிவிட்டது. இது ஏதேனும் கோளாறா?

சித்தி (8.54): பலருக்கும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை, அத்தான். இவ்வளவு வேறுபாடு தெரிவதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிவையுங்கள். நாளை வலக்காலில் தொடங்குங்கள். சுவரிலிருந்து கையை எடுக்க வேண்டாம்.

பெரியப்பா (8.55): சரி, அம்மா. மேலே பகிர்ந்த செய்தியை அழித்துவிடுகிறேன்.