பெரிய 'டி'க்குத் தமிழில் என்ன?

லாஸ்பேட்டையிலிருந்து:
நண்பர்களே, சைகைமொழிச் சமூகங்கள் பற்றிய பாடக்குறிப்பைத் திங்கட்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். ஒரே சொல்லில் நிற்கிறது. மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்ட் 1972-இல் ஒரு வழக்கத்தை முன்வைத்தார்: ஆங்கிலத்தில் 'டெஃப்' (deaf) என்பதைச் சின்ன 'டி' போட்டு எழுதினால் காது கேளாமை, பெரிய 'டி' போட்டால் சைகைமொழியால் ஒன்றுபட்ட சமூகத்தார். நம் நெடுங்கணக்கில் எல்லா எழுத்தும் ஒரே உயரம். என்ன செய்ய?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
சின்னதற்குக் 'காது கேளாதோர்' போதும். பெரியதற்கு ஆகாது, அது எதிர்மறை வினையாலணையும் பெயர். இல்லாததைச் சொல்லியா ஒரு சமூகத்துக்குப் பெயர் வைப்பது? தமிழ் பேசினால் தமிழர். சைகை பேசினால் சைகையர்.

வில்லியனூரிலிருந்து:
'சைகை'யே தமிழா? 'சமிக்ஞை'யின் தேய்வாகத்தான் எனக்குப் படுகிறது. கைம்மொழியர் என்க.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
'செய்கை'தான் ஐயா சைகையானது. கைம்மொழி என்றால் புருவத்தை எங்கே வைப்பீர்கள்? கேள்வி கேட்பதே அதை வைத்துத்தானே!

முதலியார்பேட்டையிலிருந்து:
பிரெஞ்சிலும் 'சூர்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி இதே வேறுபாட்டைக் காட்டுவதுண்டு. பாரீஸ் ஆசிரியர் லோராங் கிளெர்க் 1816-இல் அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு அங்கே ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி. அதனால்தான் அமெரிக்கச் சைகைமொழி பிரெஞ்சுக்கு உறவு, பிரிட்டிஷுக்கு அந்நியம். நம்மூர்ப் பெருமை!

லாஸ்பேட்டையிலிருந்து:
ஐயா, திங்கட்கிழமை.

கடலூர் துறைமுகத்திலிருந்து:
சைகையர் சரிவராது. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒரு காலத்தில் பரம்பரைக் காதுகேளாமை மிகுதியாக இருந்தது. அதனால் காது கேட்கிற மீனவர்களும் படகுக்குப் படகு சைகையில் பேசினார்கள். அவர்களும் சைகையரா? காதுகேளாப் பெற்றோரின் கேட்கும் பிள்ளைகளை எதில் சேர்ப்பது? 'செவிடர்' என்பதையே தலைநிமிர்ந்து சொன்னால் என்ன என்று நினைத்து, எங்கள் தெருத் தம்பியிடம் ஃபோனில் எழுதிக் காட்டினேன். முகம் சுருங்கி ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார். அப்புறம் 'சைகையர்' காட்டினேன். புருவத்தை உயர்த்தி, 'யார் அது?' என்று கையை விரித்தார்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
புதுச்சொல் பழகப் பழகத்தான் அம்மா புரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து:
'சைகைச் சமூகத்தார்' என்று போடுகிறேன். மீனவர் சிக்கல் அடிக்குறிப்பில்.

வில்லியனூரிலிருந்து:
'சமூகம்' வடசொல். என் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்க்கவும்.