வளவுக்க முளைச்ச நிலவேம்பு, காய்ச்சலுக்குக் குடுக்கலாமோ?

உப்புவெளிக்காரி:
மாரி முடிய எங்கட வேலிக்கரையில ஒரு செடி பத்தையாக் கிளம்பியிருக்கு, மாமி இது நிலவேம்புதான் எண்டு சொல்லி, மகனுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல் விடேல்ல, அவிச்சுக் குடுப்பம் எண்டு நிக்கிறா. ஒரு இலை வாயில வச்சுப் பாத்தன், அம்மாடி, சோறு திண்டும் கசப்புப் போகேல்ல. ஆனா முந்தி டவுன்ல மருந்துக்கடையில பின்கொஹொம்ப எண்டு வாங்கினது வேற மாதிரி, விலையும் கூட. எது சரியான சாமான்?

தம்பலகாமத்தான்:
ரெண்டும் வேற வேற செடி. சிங்களத்தில பின்கொஹொம்ப எண்டாலும் நிலவேம்பு எண்டுதானே அர்த்தம், அதால வந்த குழப்பம். கடையில வாங்கின பின்கொஹொம்ப வேம்புக் குடும்பம், ஒரு காம்பில மூண்டு அஞ்சு இலை சேந்து நிக்கும், காட்டில இப்ப கிடைக்கிறது குறைவு. எங்கட நிலவேம்பை அவங்கள் ஹீன் பின்கொஹொம்ப எண்டுவாங்கள், இது ஆடாதோடைக் குடும்பம். தண்டைத் தடவிப் பாருங்கோ, நாலு பட்டையா இருக்கும், இலை பாக்க மிளகாய் இலை மாதிரி, ஆனா எதிரெதிரா நிக்கும், பூ சின்னன், வெள்ளையில ஊதாக் கீறு. கசப்பை மட்டும் வச்சு முடிவெடுக்காதைங்கோ.

மூதூர் பேரன்:
எங்கட அம்மம்மா இதோட பற்பாடகம், வேர்க்கொம்பு, கொத்தமல்லி போட்டு எட்டுக்கு ஒண்டா வத்த அவிப்பா, மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சாத்தான் ஒரு துண்டு பனங்கட்டி கிடைக்கும். சித்த வைத்தியத்தில நிலவேம்புக் குடிநீர் எண்டா 9 சரக்கு, வெட்டிவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு எல்லாம் சேரும்.

வார்டுக்கார அக்கா:
தங்கச்சி, செடியை விடுங்கோ, முதல்ல பிள்ளைக்கு ரத்தம் சோதியுங்கோ. 2017ல கிண்ணியாவில டெங்கு பட்ட பாடு மறந்திட்டமோ? டெங்குவில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்தே தொடங்கும், மூண்டாம் நாளுக்குப் பிறகு. குடிநீர் குடுத்தாப்போல காய்ச்சல் விட்டிட்டு எண்டு சனம் நம்பி வீட்டிலேயே வச்சிருக்கும், அதுதான் எனக்குப் பயம். அளவுப்படி பனடோல் மட்டும் குடுங்கோ, புரூஃபன், அஸ்பிரின் வேண்டாம். வயித்தில பிள்ளை இருக்கிறவைக்கு நிலவேம்பே குடுக்கக் கூடாது.

உப்புவெளிக்காரி:
சரி அக்கா, இப்பவே கூட்டிக்கொண்டு போறன். ஆனா மாமி ஏற்கெனவே அவிச்சிட்டா, மாமா சீனி வருத்தத்துக்கு நல்லம் எண்டு அரைக் கோப்பை குடிச்சிட்டார்.

வார்டுக்கார அக்கா:
அவர் சீனிக் குளிசையும் போட்டவரோ? ரெண்டும் சேந்தா சீனி நல்லா இறங்கும். வேர்க்குதோ, நடுங்குதோ எண்டு பாருங்கோ, அவரையும் ஓட்டோவில ஏத்துங்கோ.